சங்கொலி பிடிப்பவனின் கையில் ஜூம் எச்1 எசென்ஷியல்

அச்சில் எல்லோரும் சைரன் என்றே எழுதினாலும், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு அதன் பெயர் இன்றும் சங்குதான். மில் சங்கு, எஸ்டேட் சங்கு, அணைச் சங்கு என்று எதனோடு சேர்த்துச் சொன்னாலும் பொருள் விளங்கிவிடும். இந்தச் சங்குகளைச் சோதனை நாளில் தேடிப் போய்க் கேட்பதும் பதிவு செய்வதும் என் பொழுதுபோக்கு. அதற்காக 2024ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் வாங்கிய கையடக்க ஒலிப்பதிவுக் கருவியான ஜூம் எச்1 எசென்ஷியலைப் பற்றியே இந்த மதிப்புரை. இசைக் கச்சேரிக்கும் நேர்காணலுக்கும் அது எப்படி உழைக்கும் என்பதைப் பிறர் எழுதியிருக்கிறார்கள். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் ஓர் ஒலியை அது எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது மட்டுமே இங்கே கேள்வி.

இந்தப் பொழுதுபோக்கு சில நாடுகளில் நாட்காட்டியைப் பார்த்துச் செய்யக்கூடியது. நெதர்லாந்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நண்பகலிலும், பிரான்சில் முதல் புதன்கிழமை நண்பகலிலும் எச்சரிக்கைச் சங்குகளைச் சோதிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியின் முதல் புதன்கிழமையன்று நாடு முழுவதும் ஊதுகிறார்கள். நெதர்லாந்திலும் பிரான்சிலும் ஒரு மாதம் பதிவு கெட்டுப்போனால் அடுத்த மாதம் அதே தூணின் கீழே மீண்டும் நிற்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கவசம் என்ற எச்சரிக்கைத் திட்டம் 2025 ஜனவரி 21 அன்று முறையாகத் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமாக 126 சங்குகள், விட்டுவிட்டு மின்னும் விளக்குகளோடு அதில் அடங்கும். அவற்றின் சோதனை எப்போது நடக்கும் என்பது செய்தித்தாளில் ஓரிரு நாளுக்கு முன்புதான் தெரியவரும். சில நொடிகள் ஊதி நின்றுவிடும் ஒலிக்காக ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் போய்விட்டு, வீடு திரும்பிக் கேட்டால் கரகரவென்ற இரைச்சல் மட்டுமே மிஞ்சியிருந்த நாட்கள் எனக்கு உண்டு. ஆகவே இந்தக் கருவியிடம் நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: முதல் முறையிலேயே பிழையில்லாமல் பிடித்துவிட வேண்டும்.

செல்பேசி போதாதா என்று கேட்பவர்களுக்கு என் மாமனாரின் தீர்ப்பைச் சொல்கிறேன். அவர் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் சங்குக்கு வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டாம் சங்குக்குள் வாயிற்கதவைத் தாண்டிப் பழகியவர். நெல்லியாம்பதியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சங்கைச் செல்பேசியில் பிடித்து வந்து போட்டுக்காட்டியபோது, "இது சங்காட்டமே இல்லீங்க மாப்ள, யாரோ விசில் ஊதுனாப்புல இருக்குதுங்க" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. செல்பேசி மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. ஒலி உரத்தால் தானாகவே அளவைக் குறைக்கிறது, தணிந்தால் தானாகவே கூட்டுகிறது. அதனால் சங்கு அடியிலிருந்து மெல்ல எழும்பி உச்சிக்குப் போகும் ஏற்றமே பதிவில் தட்டையாகிவிடுகிறது. அதைவிடக் கேடு, ஒரே சீராக நீண்டு ஒலிக்கும் எதையும் மின்விசிறி இரைச்சலைப் போலக் கருதி வடிகட்டிவிட முயலும் அதன் குணம். ஒரே சீராக நீண்டு ஒலிப்பதுதானே சங்கின் வேலை!

ஜூம் எச்1 எசென்ஷியலின் சிறப்பு, அதில் ஒலி அளவைத் திருகி வைக்கும் குமிழே கிடையாது என்பது. பழைய கருவிகளில் பதிவுக்கு முன்பே அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். குறைத்து வைத்தால் மெல்லிய ஒலி அடியில் புதைந்துபோகும், கூட்டி வைத்தால் உரத்த ஒலியின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட தலையைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது. இந்தக் கருவி உரத்த ஒலிக்கு ஒன்றும் மெல்லிய ஒலிக்கு ஒன்றுமாக ஒலியை எண்களாக்கும் இரண்டு மாற்றிகளை வைத்துக்கொண்டு, மிக மெல்லியதையும் மிக உரத்ததையும் ஒருசேர வைத்துக்கொள்ளும் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் கோப்பை எழுதுகிறது. திரையில் அலை விளிம்பைத் தாண்டி வீங்கியிருப்பதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அளவைக் குறைத்தால் வெட்டுப்படாத முழு அலையும் வெளியே வரும். நேர்மையாகச் சொல்வதானால், அளவைச் சரியாக வைக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த வித்தை கட்டாயமில்லை. சாதாரண 16 பிட் பதிவிலேயே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி உண்டு, ஒரு சங்கின் உச்சியும் ஓய்வும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் இதுவரை கேட்டிராத ஒரு சங்கு, இன்னும் ஊதாத நிலையில், எவ்வளவு உரத்து ஊதும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது எப்படி? நாம் கொடுக்கும் காசு அந்த அறியாமைக்கான காப்பீடு.

காப்பீடு பலித்த நாள் 2025 மே 7. நாடு தழுவிய குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை அன்று மாலை 4 மணிக்கு நடந்தது. தமிழ்நாட்டில் சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடந்த ஒத்திகை கேரளத்தில் 14 மாவட்டங்களிலும் நடந்ததால், பொள்ளாச்சியிலிருந்து என் நண்பர் ஒருவர் மாநில எல்லையைத் தாண்டி வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். நாங்கள் நின்றது ஓர் அரசுக் கட்டடத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்து வேப்பமரத்தடியில். முன்பே உள்ளே போய், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். அந்த நாட்களில் நாடு இருந்த நிலையில், கையில் ஒலிவாங்கியோடு ஓர் அரசுக் கட்டடத்தின் முன்னே சும்மா நிற்பது அறிவுள்ள செயல் அல்ல. நான்கு மணிக்கு முன்பே பதிவைத் தொடங்கிவிட்டு, கருவியை முக்காலியில் நிறுத்தி, இருவரும் பத்தடி தள்ளிப்போய் வாயை மூடிக்கொண்டோம்.

அன்று பதிவானதை இப்போது கேட்டாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சங்கு தொடங்கும் முன்பான அமைதியில், தேநீர்க் கடையில் ஆற்றும் ஓசையும், யாரோ மலையாளத்தில் மணி கேட்பதும், அதற்கு இன்னொருவர் தமிழில் பதில் சொல்வதும் தெளிவாக இருக்கின்றன. பிறகு, ஏறி இறங்கும் அபாய ஒலி. திரையில் அலைகள் மேலும் கீழும் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு நண்பர் கைசாடையால் என்னை எச்சரித்தார். பழைய கருவியாக இருந்திருந்தால் அப்போதே கதை முடிந்திருக்கும். இரவு கணினியில் அளவைக் குறைத்தபோது, ஒவ்வோர் ஏற்றத்தின் முகடும் உருண்டையாக, சிதையாமல் இருந்தது. ஆபத்து நீங்கியதைச் சொல்லும் ஒரே சீரான ஊதல் நின்றபின், எங்கோ தொலைவில் ஒரு நாய் மட்டும் அதே சுருதியில் தொடர்ந்து ஊளையிட்டதையும் கருவி விடாமல் பிடித்திருந்தது. அந்த நாயை நாங்கள் இருவரும் நேரில் கேட்கவே இல்லை.

ஆனால் 32 பிட் என்ற சொல்லைக் கேட்டதும் எதையும் தாங்கும் என்று நம்பிச் சங்கின் வாயருகே போய்விடக் கூடாது. அந்த எண் மாற்றிக்கும் கோப்புக்கும் உரியது. ஒலியை முதலில் வாங்கும் ஒலிவாங்கிக்கு வேறு எல்லை உண்டு, அதை 120 டெசிபல் என்று தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். அந்த எல்லைக்கு மேலே ஒலிவாங்கியிலேயே ஒலி சிதைந்துவிடும், சிதைந்ததைத்தான் கோப்பு அழகாகப் பத்திரப்படுத்தும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 30 மீட்டரில் 110 டெசிபல் தரும் சங்கு 60 மீட்டரில் 104, 120 மீட்டரில் 98. என் பழக்கம், நூறு மீட்டருக்குக் குறைவாக நெருங்காதது. கருவிக்காக மட்டும் அல்ல, காதுக்காகவும். தவிர, நெருங்கி எடுத்த பதிவில் சங்கு மட்டுமே இருக்கும், ஊர் இருக்காது.

இனிக் காற்று. இந்தக் கருவியைப் பற்றி நான் படித்த மதிப்புரைகள் எவையும் பாலக்காட்டுக் கணவாயில் எழுதப்பட்டவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் இந்த வாசல் வழியே, தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று ஓயாமல் புகுந்து போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டவர்கள் விவரம் தெரியாமல் நடவில்லை. இந்தக் காற்றில் வெறும் ஒலிவாங்கியோடு நின்றால் சங்குக்கு முன்னே காற்றுதான் சங்காக ஊதும். ஒலிவாங்கியைக் காற்று நேரடியாக அறைவதால் உண்டாகும் அந்தத் தடதடப்புக்கு எத்தனை பிட்டும் மருந்தாகாது. இது இந்த ஒரு கருவியின் குறை என்று சொல்ல மாட்டேன். சிறிய கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. கீழ்ச்சுருதியை வெட்டும் வசதி கருவியிலேயே இருக்கிறது; அது தடதடப்பின் அடிப்பகுதியைக் குறைக்குமே தவிர, முழுக்க நீக்காது.

ஆகவே காற்றுத்தடுப்பு உறை இல்லாமல் இந்தக் கருவியை வாங்குவது, குடை இல்லாமல் ஆடி மாதத்தில் வால்பாறைக்குப் போவதைப் போன்றது. நுரைப்பஞ்சு உறை வீட்டுக்குள் பேசுவதற்குப் போதும், வெளியில் போதாது. நீண்ட முடி வைத்த, பூனைக்குட்டியைப் போன்ற உறைதான் வேண்டும். நான் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய முதல் உறை இரண்டு மடங்கு பெரிதாக வந்து, சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே கருவியிலிருந்து கழன்று பறந்து, ஒரு வாய்க்காலில் விழுந்தது. பதிவில் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சும், அதைத் தொடர்ந்து நான் சொன்ன, இங்கே எழுத இயலாத ஒரு சொல்லும் இருக்கின்றன. இரண்டாவது உறை சரியாக உட்கார்ந்தது. அதன் அடியில் ஒரு ரப்பர் வளையத்தையும் மாட்டிவைத்திருக்கிறேன். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவு செய்யவும் வேண்டாம். பிளாஸ்டிக் உடல் எடை குறைவானது; விரல் நகர்வது கூடப் பதிவில் உரசலாகக் கேட்கும். சிறிய முக்காலி ஒன்று, அதுவும் இல்லையென்றால் மணல் நிரப்பிய துணிப்பை ஒன்று, இவற்றில் நிறுத்திவிட்டு விலகிப் போய்விடுவதே நல்லது.

இந்தக் கருவியை நான் விரும்புவதற்கான உண்மையான காரணம், மின்னணுச் சங்கில் அல்ல, மோட்டார்ச் சங்கில்தான் விளங்கும். கவசம் போன்ற புதிய அமைப்புகளில் ஒலி பெருக்கிக் கூம்புகளிலிருந்து வருகிறது. பொத்தானை விட்டால் சட்டென்று நின்றுவிடும். பழைய சங்கு அப்படியன்று. துளைகள் வெட்டிய உருளை ஒன்று, அதே போலத் துளைகள் வெட்டிய கூட்டுக்குள் சுழன்று, காற்றை வெட்டி வெட்டி வெளியே தள்ளுகிறது. ஒரு நொடிக்கு எத்தனை வெட்டு என்பதே அதன் சுருதி. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 2850 சுற்று சுழலும் மோட்டாரில் பத்துத் துளை உருளையைப் பூட்டினால், நொடிக்கு 47.5 சுற்று, 475 வெட்டு. மின்சாரத்தை நிறுத்தியதும் உருளை உடனே நிற்பதில்லை. தன் எடையின் வேகத்திலேயே சுழன்று சுழன்று தளர்கிறது. சுருதியும் ஒலியும் ஒன்றாக இறங்கி, முனகலாகி, கடைசியில் ஒலி என்று சொல்வதா நினைவு என்று சொல்வதா என்று தெரியாத ஓரிடத்தில் அடங்குகிறது. சங்கொலி சேகரிப்பவருக்குச் சொத்து இந்த இறக்கம்தான். உச்சியில் எல்லாச் சங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கத்தும். ஓயும்போதுதான் ஒவ்வொன்றின் உருளை எடையும், தாங்கியின் தேய்மானமும், சுற்றியுள்ள நிலமும் வெளியே தெரியும்.

அதே நெல்லியாம்பதித் தொழிற்சாலைக்கு 2025 தை மாதத்தில் கருவியோடு மறுபடியும் போனேன். காலைப் பனியில், தேயிலைச் சரிவின் மேலே, தொழிற்சாலையிலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பாறை மேல் முக்காலியை வைத்தேன். சங்கு ஊதி நின்றபின் இறங்குமுகம் முழுவதும் பதிவில் இருக்கிறது. சங்கு உச்சியில் ஊதிய முதல் அடிக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டரை நொடியில் எதிர் மலை திருப்பி ஊதுவதும் இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த மலைமுகம் 430 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஆடாசிட்டியில், நேரம் போகப் போகச் சுருதி ஏறி இறங்குவதைக் காட்டும் நிறமாலைப் படமாக விரித்தால், கீழிருந்து வளைந்தேறி, நேராக ஓடி, பிறகு நீண்டு சரியும் ஒரு கோடும், அதற்கு மேலே அதன் மடங்குச் சுருதிகள் படிப்படியாக அதே வளைவில் சரிவதும் தெரிகின்றன. கடைசிப் பத்து நொடிகளில் அளவை மிகவும் கூட்டிக் கேட்டால், கருவிக்கே உரிய மெல்லிய சீறல் கேட்கத் தொடங்குகிறது. இந்த விலையில், இந்த அளவில் உள்ள ஒலிவாங்கிகளுக்கு அது இயல்பு. காட்டின் முழு அமைதியைப் பதிவு செய்ய விரும்புபவருக்கு அது உறுத்தும். சங்குக்கு உறுத்தவில்லை.

மாமனாருக்கு ஹெட்போனை மாட்டி அதைப் போட்டுக்காட்டினேன். இறங்குமுகம் முடியும் வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "நின்னுபோச்சுங்களா, இல்ல இன்னும் சுத்துதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை விடப் பெரிய சான்றிதழ் இந்தக் கருவிக்கு என்னிடம் இல்லை.

சிறு விவரங்கள் சில. இரண்டு ஏ.ஏ.ஏ. பேட்டரியில் ஓடுகிறது, பத்து மணி நேரம் வரை வரும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு, என் பயன்பாட்டில் அந்த எல்லையைத் தொட வேண்டிய தேவை வரவில்லை. பெட்டிக்கடைப் பேட்டரியை நம்பி ஒருமுறை ஏமாந்ததிலிருந்து, சோதனை நாளில் புதிய ஜோடி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். மைக்ரோ எஸ்.டி. அட்டையைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் இரட்டைத் தடப் பதிவு நிமிடத்துக்கு 23 மெகாபைட் பிடிக்கும் என்பதால், ஒரு மணி நேரம் முன்பே பதிவைத் தொடங்கிக் காத்திருந்தாலும் ஒன்றரை ஜி.பி.க்குள் அடங்கிவிடும், சங்குகள் சொன்ன நேரத்துக்கு ஊதுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. கோப்பை நேராகச் செல்பேசிக்கு அனுப்பினால் சில செல்பேசிகளில் ஒலிக்காது. கணினியில் மாற்றி அனுப்ப வேண்டும். கணினியே இல்லாதவர் இந்தக் கருவியை வாங்குவதில் பொருளில்லை, ஏனெனில் இதன் பாதி வேலை பதிவுக்குப் பிறகுதான் நடக்கிறது.

பதிவைக் கேட்கும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். 2025 மே மாதத்திலேயே, விழிப்புணர்வுக்காக அல்லாமல் நிகழ்ச்சிகளில் குடிமைப் பாதுகாப்புச் சங்கொலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒன்றிய அரசு ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. அடிக்கடி கேட்டால் உண்மையான எச்சரிக்கையையும் மக்கள் செய்திச் சத்தம் என்று எண்ணிவிடுவார்கள் என்பதே அதற்குக் காரணம். இந்தக் கருவியின் பதிவு அவ்வளவு தெளிவாக இருப்பதால், மாடியில் ஒலிபெருக்கியில் போட்டால் பக்கத்துத் தெருவில் உள்ளவர் வாசலுக்கு ஓடிவந்துவிடுவார். நான் ஹெட்போனில் மட்டுமே கேட்கிறேன். யாருக்கேனும் அனுப்பினால் இடம், நாள், இது சோதனை என்ற மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்.

விலை ஒரு நடுத்தரச் செல்பேசியை விடக் குறைவு. உறை, அட்டை, முக்காலி ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். உறைக்குப் பணம் போதாது என்றால், கருவி வாங்குவதையே அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள் என்பேன். ஏற்கெனவே அளவுக் குமிழ் உள்ள நல்ல 24 பிட் கருவி வைத்திருந்து, ஆண்டுதோறும் ஒரே ஆலைச் சங்கை மட்டும் பதிவு செய்பவர் மாற்றத் தேவையில்லை. அவருக்கு அந்தச் சங்கின் அளவு மனப்பாடம். என்னைப் போல, இதுவரை கேட்டிராத சங்கைத் தேடிப் போகிறவருக்கு இது சரியான கருவி.

எனக்கு இன்னும் கிடைக்காதது அணைச் சங்கு. 2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கியில் செறுதோணி அணையின் மதகைத் திறந்தபோது என்னிடம் இருந்தது பழைய செல்பேசி ஒன்று மட்டுமே. நான் போகவும் இல்லை. இந்த மழைக்காலத்தில் எங்கள் சிற்றூர்ப் புழையில் தண்ணீர் ஏறும்போது, ஆற்றங்கரைக்கு வெகு தொலைவில், மேட்டில் நின்று முயல எண்ணியிருக்கிறேன். புதிய பேட்டரி வாங்கியாயிற்று, ரப்பர் வளையத்தையும் மாற்றியாயிற்று.